அப்பாவின் சேமலாபக் காசும் மகளின் காதும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அம்மா, அப்பா, மகள் மூவரும் ஹட்டனுக்கு, பிள்ளைகளுக்குப் படிப்பு, தொழில் பற்றி யோசனை சொல்கிற என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவு. மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி போதவில்லை. அப்பா 55 வயதில் வேலையை விட்டு, சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியை எடுத்து வங்கியில் போட்டிருக்கிறார். அந்தக் காசு வந்த செய்தி சொந்தக்காரர்களுக்குப் போனதும் யோசனைகளும் வரத் தொடங்கிவிட்டன. கொழும்பில் இருக்கிற மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தனியார் கெம்பஸ் ஒன்றில் கம்பியூட்டர் டிகிரிக்குச் சேர்க்கச் சொல்கிறார். மகளோ சினிமா, டிவி வேலை படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டில் இரண்டு வாரமாகச் சண்டை, அழுகை. “நீங்க சொன்னத எழுதித் தாங்க, அண்ணனுக்குக் காட்டணும்” என்று அந்த அம்மா கேட்டார். எழுதியதை, அவர்கள் சம்மதத்தோடு, பேரும் தோட்டமும் சொல்லாமல் இங்கே போடுகிறேன்.

அம்மா, பயப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று அன்றைக்கு முதலில் சொன்னேன். அது உங்கள் கண்ணீரைப் பார்த்துச் சொன்னது. இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் காசில் கை வைக்காதீர்கள். வயது போன காலத்தில் உங்கள் இருவருக்கும் அதைவிட வேறு எதுவும் இல்லை. கணக்குப் பாடத்தைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளையை, அண்ணன் மகன் படித்தான் என்பதற்காக மூன்று நான்கு வருடம் கம்பியூட்டர் முன்னால் உட்கார வைக்க அதைக் கரைப்பது எனக்குச் சம்மதமே இல்லை. இடையில் அவள் விட்டுவிட்டால் கட்டின காசு திரும்பாது. அந்த நட்டத்தில் மாமாவுக்கும் பங்கில்லை.

சினிமா என்றதும் நீங்கள் டைரக்‌ஷனையும் நடிப்பையும் நினைத்துவிட்டீர்கள். மகளும் அப்படித்தான் வந்தாள். சென்னையில் டைரக்‌ஷன் டிப்ளோமா என்று ஒரு விளம்பரத்தாளையும் பைக்குள் வைத்திருந்தாள். அதுவும் வேண்டாம் என்றேன், அதே காசுக் காரணத்துக்காக. 

அன்றைக்கு அவள் தன் போனில் பதிந்து வைத்ததைப் போட்டுக் காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? மடுவக் கொட்டகையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் சத்தம். லயத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை முதல் துளி விழுந்து, மெல்ல மெல்ல ஒரே இரைச்சலாக மாறுவது. உங்கள் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இது நம்ம மேல் டிவிசன் மடுவம்” என்றார். படம் இல்லாமலே இடத்தைக் காட்டிவிட்டாள் உங்கள் மகள். இதற்கு ஒரு தொழில் இருக்கிறது. படப்பிடிப்பு ஒலிப்பதிவு. என்னிடம் சினிமா என்று வந்த பிள்ளைகளில் ஒருவர்கூட இதைக் கேட்டு வந்ததில்லை.

வேலை எப்படி என்றால், பெரும்பாலான படப்பிடிப்பில் படத்தைக் கேமரா பிடிக்கும், குரலைத் தனி ரெக்கார்டர் பிடிக்கும். இரண்டையும் பிறகு எடிட்டிங்கில் ஒட்ட வேண்டும். அதற்குத்தான் கிளாப் பலகை. அதில் சீன், ஷாட், டேக் எண்களை எழுதி, ‘டக்’ என்று அடிப்பார்கள். பலகை மூடுகிற படத்தையும் அந்தச் சத்தத்தையும் ஒரே புள்ளியில் வைத்தால் உதட்டசைவும் குரலும் சேர்ந்துவிடும். உதவி இயக்குநர் ‘சவுண்ட்’ என்று கூப்பிட்டதும் ஒலிப்பதிவாளர் ‘ஸ்பீட்’ என்று பதில் சொல்வார். டேப் ஓடிய காலத்தில் மோட்டார் சரியான வேகத்துக்கு வரச் சில விநாடி ஆகும், வந்துவிட்டது என்று சொல்கிற வார்த்தை அது. டேப் போய்விட்டது, வார்த்தை மட்டும் நிற்கிறது. அதைக் கேட்டபிறகுதான் கேமரா, கிளாப், ‘ஆக்‌ஷன்’ எல்லாம்.

பூம் என்பது நீளக் கம்பு, அதன் நுனியில் மைக். பிடிக்கிறவர் அதை நடிகரின் தலைக்கு மேல், கேமராவில் தெரிகிற பிரேமுக்குச் சற்று வெளியே, வாயை நோக்கிச் சாய்த்து வைத்திருக்க வேண்டும். நிழல் விழக்கூடாது, கை ஆடக்கூடாது. யார் எந்த வரியை எப்போது பேசுவார் என்று வசனம் முழுவதும் மனப்பாடமாக இருந்தால்தான் மைக்கைச் சரியான நேரத்தில் திருப்ப முடியும். நாடகமும் அரங்கியலும் படித்த பிள்ளைக்கு இது புதிதாக இராது. சட்டைக்குள் ஒளித்து வைக்கிற சின்ன லேப்பல் மைக் இன்னொரு வகை, துணி உரசாமல் ஒட்டுவதே அதில் பாதி வேலை.  ஒலி அளவை டெசிபெல் கணக்கில் காட்டுகிற மீட்டரில் 0 தான் கூரை. பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நின்றால் நல்லது. கூரையில் இடித்தால் குரல் கிழியும், பிறகு ஒழுங்காகத் திருத்த வழியில்லை.

காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவார்கள். அதற்கு ரூம் டோன் என்று பெயர். வெட்டிய வசனங்களுக்கு நடுவே அதை நிரப்பாவிட்டால், இடைவெளி கிணற்றில் விழுந்த மாதிரிக் காதில் இடறும். கேமரா ஓடாமல் தனியாகப் பதிகிற சத்தம் வைல்ட் டிராக். உங்கள் மகள் மடுவத்தில் செய்தது அதைத்தான், பெயர் தெரியாமலே செய்திருக்கிறாள்.

நம் மலைநாட்டில் இந்த வேலை இன்னும் கஷ்டம். ஆடி மாதக் காற்று மைக்கில் நேராக அடிக்கும், அதற்கு ரோமம் வைத்த உறை போட வேண்டும். பக்கத்தில் ஆறு இரையும், ஃபெக்டரியின் விசிறிகள் ஓடும். தகரக் கூரைக்குக் கீழே மழையில் வசனம் எடுக்கவே முடியாது. எந்த நேரத்தில் எந்த மூலை அமைதியாக இருக்கும் என்று வெளியிலிருந்து வருகிற குழுவுக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும். சிங்களமும் தமிழும் இரண்டும் காதில் ஏறியவள் என்பதால், சிங்களக் குழு தமிழ் வசனம் எடுக்கிற இடத்தில் உச்சரிப்புப் பிசகினால் உடனே பிடிப்பாள். தமிழைப் பிழையாகப் பேசவைத்த காட்சிகளைப் பார்த்து நாமே எத்தனை முறை வருத்தப்பட்டிருக்கிறோம்.

சரி, பெண்பிள்ளை வெளியூரில், இரவில் என்று உங்களுக்கு இருக்கிற பயம் நியாயமானது. எங்கே தங்குவாள், எத்தனை மணிக்கு விடுவார்கள், கூட வேறு பெண்கள் இருக்கிறார்களா, இதெல்லாம் தெரியாமல் எந்தப் படப்பிடிப்புக்கும் அனுப்பாதீர்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடம் வேண்டவே வேண்டாம். ஒலியைச் சுத்தம் செய்வது, காலடி, கதவு, பாத்திரச் சத்தங்களைப் புதிதாக உண்டாக்குகிற ஃபோலி, கடைசி மிக்ஸிங் எல்லாம் ஸ்டூடியோ அறைக்குள் நடக்கிறவை. அந்தப் பக்கமாகவும் அவள் போகலாம்.

சம்பளத்தையும் மறைக்கமாட்டேன். ஆரம்பத்தில் உதவியாளராகக் கேபிள் சுற்ற வேண்டும், நாள் கூலிதான், வேலை இல்லாத மாதமும் வரும். தனியாக வேலை செய்கிறவருக்குச் சேமலாபம் பிடித்துத்தர முதலாளி கிடையாது. அதனால்தான் பெரிய செலவோடு தொடங்கக்கூடாது என்று இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன். கடன் இல்லாதவள் வேலை இல்லாத மாதத்தைத் தாங்குவாள்.

முதல் மூன்று மாதம் ஒரு சதமும் கட்ட வேண்டாம். காதை நன்றாக மூடுகிற வயர் ஹெட்போன் ஒன்று மட்டும் வாங்கிக் கொடுங்கள். ஒரே வசனத்தை ஒரு முழம், இரண்டு முழம், நான்கு முழம் தள்ளி நின்று பதியட்டும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாக ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும், ஆனால் சுற்றுச் சத்தம் அப்படியே நிற்கும். மைக்கை ஏன் வாய்க்குக் கிட்ட வைக்கிறார்கள் என்பது அவளுக்கே விளங்கிவிடும். அப்புறம் அதையே அறைக்குள், சுவரில் கம்பளி தொங்கவிட்டு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை. வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், என் அலுவலகக் கம்பியூட்டரிலேயே செய்யலாம்.

அதன்பிறகும் ஆசை குறையாவிட்டால் குறுகிய பயிற்சி ஒன்று பார்ப்போம். கொழும்பில் இலங்கை தொலைக்காட்சி பயிற்சி நிறுவகம் இருக்கிறது, ஒலிக்கு என்ன பயிற்சி உண்டு என்று நானே விசாரிக்கிறேன். வேறு எங்கே என்றாலும், அந்த நிறுவனமும் அந்தப் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா, என்.வி.கியூ என்ற தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா, எத்தனையாம் மட்டம் என்று பார்க்காமல் காசு கட்டாதீர்கள். மாமாவின் கெம்பஸிலும் அந்த டிகிரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

மகளிடம் சொல்லுங்கள், அடுத்த மாதம் வரும்போது மூன்று பதிவு கொண்டு வரட்டும். ஃபெக்டரி ஓடும்போது உங்கள் வாசலில் நீங்கள் பேசுவது ஒன்று, ஃபெக்டரி நின்றபிறகு அதே வாசலில் அதே பேச்சு ஒன்று, விடியற்காலையில் வீட்டின் வெறும் அமைதி அரை நிமிடம். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரும் கேட்கட்டும்.