அம்மாவின் துக்கத்துக்கு மகள் போட்ட மதிப்பெண்

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அம்மா இன்னமும் அவருக்கும் சேர்த்தே அரிசி களைகிறார். பீரோவில் இருக்கும் வேட்டிகளைத் தொடவிடுவதில்லை. துக்கத்தை அளக்கும் 19 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை அம்மாவுக்காக நான் நிரப்பினேன்; 34 வந்தது. இது நோயா?

பதில்: ஹாலி பிரிகர்சனும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட அளவுகோலைத்தான் நீங்கள் நிரப்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 76. 25ஐத் தாண்டினால் கவனம் தேவை. அந்தக் கணக்கில் 34 அதிகம்தான். ஆனால், அது அம்மாவின் மதிப்பெண் அன்று, உங்களுடையது. இறந்தவரின் குரல் காதில் விழுகிறதா, அவர் இல்லாத வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும் அப்படிவம், துணையை இழந்தவரே பதில் சொல்வதற்காக அமைக்கப்பட்டது. அரிசி களைவது ஏக்கத்தாலா, ஆண்டுக்கணக்கான கைப்பழக்கத்தாலா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படி அறிவார்?

அவரிடமே கேளுங்கள். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். கீரை ஆய்கிற நேரத்தில் இரண்டிரண்டு கேள்வியாக, "வாரத்தில் எத்தனை நாள் அப்படித் தோன்றுகிறது?" என்று கேட்டால் அளவு தானாகவே கிடைக்கும்.

கால அளவில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது 6 மாதங்களையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுக் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதங்களையும் கேட்கின்றன. உங்கள் அம்மா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். எனினும், அன்றாட வாழ்க்கை முடங்கியிருக்க வேண்டும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறிய துக்கமாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. வேட்டியைப் பத்திரப்படுத்துவது என் பார்வையில் அத்தகைய மீறல் அன்று. சாப்பாடு, தூக்கம், உறவினர் வீட்டுக்குப் போய்வருதல் ஆகியவை நின்றுபோயிருந்தால் கவலைப்பட வேண்டும்.

முதல் திதி நெருங்கும்போது துக்கம் பெருகக்கூடும் என்பதால், அந்த வாரத்தில் அளக்க வேண்டாம். இப்போது ஒருமுறை, திதி கழிந்து இரண்டு மாதங்களில் மறுமுறை என அவரையே பதில் சொல்லவைத்து, இரண்டு தாள்களையும் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். முடக்கம் இப்போதே தெரிந்தால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

"அவரோடவே போயிருக்கலாம்" என்று அம்மா சொன்னால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால், தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவிலும் பேசலாம்.