வெம்ப்ளி வரை போகும் சின்ன கிளப்: நான்லீக் கேள்வி பதில்

வடகிழக்கு இங்கிலாந்தில் ஒன்பதாம் அடுக்கில் ஆடும் ஒரு கால்பந்து கிளப்பைப் பல வருடமாகப் பின்தொடர்கிறேன். லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடக்கும் கப் ஃபைனல் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் இவை.

நான்லீக் என்றால் லீக்கே கிடையாதா? வாஸ், டிராஃபி என்று இரண்டு கப் வேறு எதற்கு?

லீக் உண்டு, நிறையவே உண்டு. பிரீமியர் லீக்கில் தொடங்கி லீக் டூ வரை நான்கு அடுக்குகள். அதற்குக் கீழே இருப்பது முழுவதையும் நான்லீக் என்கிறோம். ஐந்திலிருந்து எட்டாம் அடுக்கு வரை ஆடும் கிளப்புகளுக்கு எஃப்ஏ டிராஃபி, ஒன்பது, பத்துக்கு எஃப்ஏ வாஸ். எஃப்ஏ என்பது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம். வாஸ் 1974-75 சீசனில் தொடங்கியது. 2016 முதல் இரண்டு ஃபைனலும் ஒரே நாளில் வெம்ப்ளியில் நடக்கின்றன, ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாம். வாஸ் ஆடுகிறவர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள், அதை மறக்காமல் பாருங்கள்.

டிக்கெட் எங்கே வாங்குவது?

உங்கள் கிளப் கொடுக்கும் இணைப்பில். கிளப் வழியாக வாங்கினால்தான் நம் ஆட்கள் இருக்கும் பக்கத்தில் உட்காரலாம், கிளப்புக்கும் பங்கு போகும். பொது விற்பனையில் வாங்கிவிட்டு எதிரணி ரசிகர்கள் நடுவில் உட்கார்ந்து ஏமாறாதீர்கள்.

வீடு ஹாரோவில், வெம்ப்ளிக்குப் பக்கம்தான். ஈலிங் ரோட்டில் தோசை சாப்பிட்டுவிட்டு ஒரு பத்து நிமிடம் தாமதமாக வந்தால் பரவாயில்லையா?

தோசையை மேட்ச் முடிந்ததும் சாப்பிடுங்கள். 2010 ஃபைனலில் விட்லி பே அணியின் பால் சோ, ஆட்டம் தொடங்கி 20 விநாடி வாக்கிலேயே கோல் போட்டார். 2016-இல் ஹெரஃபோர்ட் இரண்டாவது நிமிடத்தில் போட்டது. இரவு முழுக்க பஸ்ஸில் வந்தவன் பார்த்த கோலை, பக்கத்துத் தெருவில் இருக்கிற நீங்கள் தவறவிடலாமா?

வாஸ் கப் ஏன் எப்போதும் வடகிழக்குக்கே போகிறது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. எப்போதும் இல்லை, ஆனால் 2009 முதல் 2017 வரை ஒன்பது ஃபைனலில் எட்டை எங்கள் வடகிழக்கின் நார்தர்ன் லீக் கிளப்புகள்தான் வென்றன. விட்லி பே தொடர்ந்து மூன்று முறை, பிறகு டன்ஸ்டன், ஸ்பென்னிமோர், நார்த் ஷீல்ட்ஸ், மார்பெத், சவுத் ஷீல்ட்ஸ். நடுவில் 2014 மட்டும் தெற்கே ஷோலிங்குக்குப் போனது. எங்கள் பையன்களின் காலில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று சொல்ல ஆசைதான், ஆனால் காரணம் பெரும்பாலும் பெட்ரோல் செலவு. நார்தர்ன் லீக் 1889-இல் தொடங்கியது, அதன் கிளப்புகள் பலவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஜெயித்து மேலே போனால் தூர தூர ஊர்களுக்குப் பயணம், வேலைக்குப் போகிற ஆட்டக்காரர்கள் விலகுவார்கள், பஸ் வாடகையே கிளப்பைத் தின்றுவிடும். அதனால் பல நல்ல அணிகள் பதவி உயர்வு வேண்டாம் என்று இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. மேலே ஆட வேண்டிய அணிகள் ஒன்பதாம் அடுக்கில் இருந்தால் வாஸ் எங்கே போகும்? இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அது கிளப்பை உயிரோடு வைத்திருக்கும் புத்திசாலித்தனம்.

பிரீமியர் லீக் மேட்ச் டிக்கெட் மலிவாகக் கிடைக்க வழி?

என் வட்டாரம் இல்லை.

நான்லீக்கில் பீர் கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாமாமே?

சின்ன மைதானங்களில் ஆமாம். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, இடைவேளையில் நம் அணி அடிக்கப்போகும் பக்கத்துக்கு எல்லோரும் நடந்து போவதும் உண்டு. பெரிய லீக் ஆட்டங்களில் மைதானம் தெரியும் இடத்தில் குடிக்க 1985 சட்டப்படி தடை. ஃபைனலுக்குப் போகும் பஸ்ஸில் என்ன விதி என்பதை ஏற்பாடு செய்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

90,000 இருக்கை உள்ள இடத்தில் பாதிகூட நிறைவதில்லை, பார்க்கவே பாவமாக இருக்கிறது. ஒரு நடுத்தர ஸ்டேடியத்தில் வைத்தால் என்ன?

வைத்துப் பார்த்தாயிற்று. பழைய வெம்ப்ளி மூடியிருந்த 2001 முதல் 2006 வரை வில்லா பார்க், அப்டன் பார்க் என்று வெவ்வேறு இடங்களில் நடந்தது. ஏஎஃப்சி சட்பரி 2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று ஃபைனல் ஆடி மூன்றிலும் தோற்றது. மூன்று ஃபைனல் ஆடியும் அந்த ஊர்க்காரர்களுக்கு வெம்ப்ளி கிடைக்கவில்லை. அதை விடவா காலி இருக்கை பாவம்?

(அதே நபர்) அது உணர்ச்சி. கூட்டம் நெருக்கமாக இருந்தால்தான் சத்தம் வரும்.

2007-இல் புது வெம்ப்ளியின் முதல் வாஸ் ஃபைனலுக்கு, கார்ன்வாலின் ட்ரூரோ சிட்டி ஏஎஃப்சி டாட்டனை 3-1 என்று வென்றதைப் பார்க்க 27,754 பேர் வந்தார்கள். இடம் வெம்ப்ளியாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

(இன்னொருவர்) வந்த கூட்டமும் போலிதானே? 2016-இல் ஹெரஃபோர்ட் 20,000 பேரைக் கூட்டி வந்தது. வழக்கமாக 3,000 பேர்கூட வருவதில்லை. மீதிப் பேர் ஒருநாள் ரசிகர்கள்.

இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஹெரஃபோர்ட் யுனைடெட், 1972-இல் எஃப்ஏ கப்பில் நியூகாசிலை வீட்டுக்கு அனுப்பிய கிளப், 2014 டிசம்பரில் கடனால் நீதிமன்றத்தில் கலைக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் புதுக் கிளப் தொடங்கி, அதே எட்கர் ஸ்ட்ரீட் மைதானத்தில் ஒன்பதாம் அடுக்கிலிருந்து ஆரம்பித்து, முதல் சீசனிலேயே வெம்ப்ளி வந்தார்கள். மார்பெத்திடம் 4-1 என்று தோற்றார்கள், அது வேறு. அந்த 20,000 பேரில் அப்பாவோடு சின்ன வயதில் போனவர், வேலைக்காக ஊரை விட்டவர், சனிக்கிழமை கடை திறக்க வேண்டியவர் எல்லோரும் இருந்திருப்பார்கள். தங்கள் கிளப் செத்துப்போனதைப் பார்த்தவர்களைப் போலி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டத்துக்கும் வாருங்கள்.

(முதல் நபர்) அப்படி வருபவர் நூற்றில் ஒருவர்.

இருக்கட்டுமே. 200 பேர் வருகிற மைதானத்தில் கூடுதலாக இருபது பேர் வந்தாலே கேன்டீன் வரவு செலவு மாறும்.

ஃபைனல் டிக்கெட் எங்கே கிடைக்கும்?

மேலே சொல்லிவிட்டேன். கிளப் வழியாக.

பக்கத்து ஊர்க் கிளப்தான் ஃபைனலில். இரண்டு பக்க ரசிகர்களும் கலந்து உட்கார, பொது விற்பனையில் வாங்கலாமா?

கிளப் வழியாக. கிளப் வழியாக. பங்கு கிளப்புக்குப் போகட்டும்.

தோற்றால் எப்படித் தாங்குவது?

வெஸ்ட் ஆக்லாந்து ரசிகர்களைப் பாருங்கள். 1911-இல் இத்தாலியின் டூரினுக்கே போய் யுவென்டஸை 6-1 என்று அடித்த நிலக்கரிச் சுரங்கக் கிராமத்து அணி அது. 2012, 2014 இரண்டு வாஸ் ஃபைனலிலும் தோற்றது, கிளப் இன்றும் ஆடுகிறது. விசில் அடித்ததும் எழுந்து ஓடாமல் நம் பையன்கள் பதக்கம் வாங்கும்வரை நில்லுங்கள், அவர்கள் தலையைத் தூக்கிப் பார்க்கும்போது காலி இருக்கை தெரியக் கூடாது.

ஃபைனல் முடிந்ததும் ஆகஸ்ட் வரை என்ன செய்வது?

கிளப் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஜூனில் தடுப்புக் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்க, புல் விதைக்க, ஜூலை நட்பு ஆட்டங்களுக்கு வாசலில் காசு வாங்க எப்போதும் ஆள் தேவை. அப்புறம் சீசன் டிக்கெட்டையும் அப்போதே வாங்கிவிடுங்கள், வருமானமே இல்லாத கோடையில்தான் கிளப்புக்கு அந்தப் பணம் அதிகம் உதவும்.