இரண்டு பேர், ஒரு படகு, ஒரு வாரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜூலையில் நானும் மனைவியும் குரோஷியா போகிறோம். ஸ்ப்ளிட்டில் பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரே வாரத்தில் ட்ரோகிர், ஹ்வார், விஸ், கோர்ச்சுலா, டுப்ரோவ்னிக் எல்லாம் பார்த்துவிட்டு ஸ்ப்ளிட்டுக்கே திரும்புவதாகத் திட்டம். நான் பயிற்சி முடித்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அவளுக்குப் படகு ஓட்டத் தெரியாது, உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தால் போதும் என்கிறாள். பழைய துறைமுக ஊர் எதையும் விட மனமில்லை. திட்டம் சரிவருமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் டுப்ரோவ்னிக்கைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கோடையில் அந்தக் கரையில் மாயெஸ்ட்ரால் என்று ஒரு காற்று, நண்பகல் வாக்கில் வடமேற்கிலிருந்து கிளம்பி மாலை வரை வீசும். ஸ்ப்ளிட்டிலிருந்து தென்கிழக்கே டுப்ரோவ்னிக் போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று முகத்துக்கு நேரே. மணிக்கு ஐந்தாறு கடல்மைல் போகிற படகு எதிர்க்காற்றில் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிப் போனால் பாதி வேகம்கூடத் தேறாது, கடைசி இரண்டு நாளும் எஞ்சினைப் போட்டுக்கொண்டு கெடுவுக்குள் வந்துசேர ஓட வேண்டியதுதான். இத்தனைக்கும் அங்கே பழைய துறைமுகத்துக்குள் வாடகைப் படகைக் கட்ட இடம் கிடைக்காது, படகுகள் கட்டுகிற மரினா ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. நோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களை ஒரு மாதம் வெளியே நிறுத்திவைக்க 1377லேயே சட்டம் போட்ட நகரம் அது. அதற்கென்று இரண்டு நாள் ஒதுக்கி, ஸ்ப்ளிட்டிலிருந்து பயணிகள் படகில் போய்ப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. படகில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருவர் பயணி. நீங்கள் தண்ணீரில் விழுந்துவிட்டால் யார் படகைத் திருப்புவது? பாயை இறக்கி, எஞ்சினைப் போட்டு, வயர்லெஸ்ஸில் உதவி கேட்டு, கண்ணை உங்கள்மேலிருந்து எடுக்காமல் திரும்பி வர அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். பூரா என்ற வடகிழக்குக் காற்று மலையிலிருந்து இறங்கும்போது வானம் பளிச்சென்று இருக்கும், கடல் சில நிமிடங்களில் வெளுத்துவிடும். கோடையில் அது குறைவுதான், இல்லவே இல்லை என்று நினைக்காதீர்கள்.

கரையில் கட்டுவதற்கும் இரண்டு பேர் வேண்டும். அங்கெல்லாம் படகின் பின்பக்கத்தைத்தான் கரைக்குக் கொடுப்பார்கள். ஒருவர் ரிவர்ஸில் கொண்டுவர, மற்றவர் கரையிலிருந்து தண்ணீருக்குள் போகிற மெல்லிய கயிற்றை எடுத்து, அதைப் பிடித்தபடியே முன்பக்கம் வரை நடந்துபோய், அங்கே வருகிற கனமான கயிற்றை இழுத்துக் கட்டவேண்டும். சேறும் சிப்பியுமாக இருக்கும், கையுறை இல்லாமல் தொட்டால் உள்ளங்கை கிழியும். பெரும்பாலும் கணவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கத்துவார், மனைவி கயிற்றோடு மல்லுக்கட்டுவார். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள், சுக்கான் அவரிடம், கயிறு உங்களிடம். முதல் இரண்டு நாளுக்குப் படகை நடத்தத் தெரிந்த ஒரு ஸ்கிப்பரை அமர்த்தி அவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், அந்தச் செலவை மட்டும் யோசிக்காதீர்கள்.

சரி, ஊர்கள். ஹ்வார் நகரத்தில் ஜூலையில் கூட்டம் தாங்காது. அதே தீவின் வடபக்கம் ஸ்டாரி கிராட் இருக்கிறது, நீண்ட குடாவின் உள்கோடியில். கி.மு. 384இல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் குடியேறிய இடம், அவர்கள் அளந்து பிரித்த வயல்களில் இன்றும் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன. அங்கே இரண்டு இரவு தங்குங்கள்.

அப்புறம் கோர்ச்சுலா, இதை விடவே கூடாது. நடுவில் ஒரு தெரு, இருபுறமும் மீன்முள்ளாகக் கிளைச் சந்துகள். மேற்குச் சந்துகள் நேராக இருக்கின்றன, மாயெஸ்ட்ரால் உள்ளே வரட்டும் என்று. கிழக்குச் சந்துகளைக் கொஞ்சம் வளைத்திருக்கிறார்கள், பூரா நுழையாதபடி. மதியம் மூன்று நான்கு மணிக்கு மேற்குச் சந்து ஒன்றில் ஏறினேன், சட்டை முதுகில் படபடத்தது. மாதா கோயிலைத் தாண்டிக் கிழக்கே இரண்டடி இறங்கியதும் காற்று நின்றுவிட்டது. அன்று காலை முழுக்க அந்தக் காற்றுக்காகக் காத்திருந்து வந்தவனுக்கு அதைவிடப் பெரிய வரவேற்பு இல்லை.

ட்ரோகிருக்கு ஸ்ப்ளிட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். விஸ் வேண்டுமானால் வானிலை பார்த்து அங்கேயே முடிவு செய்யுங்கள். தேதியை ஜூன் தொடக்கத்துக்கோ செப்டம்பருக்கோ மாற்ற முடிந்தால் கட்டுவதற்கு இடமும் எளிதாகக் கிடைக்கும். உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.