பழைய லேப்டாப் கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிறது. ஹார்டு டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா?

கறுப்புத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அதைப் படிக்காமலே டிஸ்க் போய்விட்டது என்று கடையில் ஒருவர் சொல்லியிருந்தால், அவர் உங்கள் சட்டைப்பையைத்தான் பார்த்திருக்கிறார். எல்லாக் கடைக்காரர்களையும் சொல்லவில்லை. நல்லவர்களும் இருக்கிறார்கள், சண்டைக்கு வர வேண்டாம்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தோப்புக் குத்தகை, விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணம், லாரி வாடகை எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில் இருக்கின்றன. என் அக்கா மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் (இந்தியாவில் உருவான இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம்) இரண்டும் அதில் உண்டு. இலவசமாக வந்ததை இன்னுமா கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு: விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது எனக்கும் தெரியும். அதனால்தான் அதை இணையத்தோடு இணைப்பதே இல்லை. கூட்டல் கழித்தலுக்கு அது போதும்.

மாங்காய்ப் பருவம் முடிந்தால் லேப்டாப் பீரோவுக்குள் போய்விடும். ஒரு வருடம் பங்குனிக் கடைசியில் எடுத்து ஆன் செய்தபோது, "பி.எக்ஸ்.இ-இ61, மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்" என்று வந்தது. அதற்குக் கீழே, ஆப்பரேட்டிங் சிஸ்டம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த இளைஞர் எட்டிப் பார்த்துவிட்டு, "கேபிள் என்று அதுவே சொல்கிறதே அண்ணா. டிஸ்க் கேபிள் போயிருக்கும், இல்லையென்றால் டிஸ்க்கே போயிருக்கும். புதிது போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறேன்" என்றார். கணக்கெல்லாம் என்ன ஆகும் என்றேன். "அது வராது. வேண்டுமென்றால் பெங்களூரு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளுக்குக் கொண்டுபோங்கள்."

பெங்களூரு என்று வாயால் சொல்வது எளிது. மாவட்டத் தலைநகரம் என்று பெயர். கிருஷ்ணகிரிக்கு ஒரு ரயில் நிலையம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து இங்கே குறுகிய பாதையில் ரயில் ஓடியது. அவன் காலத்திலேயே அதை நிறுத்தியும் விட்டார்கள். நாடு விடுதலை அடைந்தது, தருமபுரியிலிருந்து பிரிந்து 2004-இல் தனி மாவட்டமும் ஆனோம். தண்டவாளம் மட்டும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ரயில் வருகிறது, பிரசாரம் முடிந்ததும் போய்விடுகிறது. திங்கட்கிழமை காலை ஓசூர் வழியாகப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போய்ப் பார்த்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

அன்று நான் லேப்டாப்பைக் கடையில் விடவில்லை. காரணம், அந்த வரியில் சொல்லப்படும் கேபிள் டிஸ்க்கினுடையது அல்ல, நெட்வொர்க் கேபிள். டிஸ்க்கிலிருந்து தொடங்க வழியில்லாதபோது லேப்டாப் நெட்வொர்க் வழியாகத் தொடங்கப் பார்க்கிறது. அங்கே கேபிள் செருகியிருக்கவில்லை என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, டிஸ்க் பக்கம் ஏன் போகவில்லை என்பது.

வீட்டில் ஆன் செய்த உடனே எஃப்2 விசையை விட்டு விட்டு அழுத்தி பயாஸ் செட்டப்புக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடி லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் நிரலின் அமைப்புப் பக்கங்கள்) போனேன். (எச்.பி. என்றால் எஸ்கேப் அழுத்திவிட்டு எஃப்10.) முதல் பக்கத்திலேயே தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. அதே பக்கத்தில் டிஸ்க்கின் பெயர் தெளிவாக இருந்தது. செத்ததாகச் சொல்லப்பட்ட டிஸ்க்! எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசையைக் காட்டும் பூட் பக்கத்தில், வரிசையிலிருந்து விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் அது கிடந்தது. அதை மேலே ஏற்றி, தேதியைத் திருத்தி, எஃப்10 அழுத்திச் சேமித்தேன். மண்டிக் கணக்கு ஒரு வரி குறையாமல் வந்து நின்றது.

உள்ளே பொத்தான் போன்ற ஒரு சிறிய பேட்டரி இருக்கிறது, பெரும்பாலும் சி.ஆர்.2032, மூன்று வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பழைய லேப்டாப்களில் பயாஸ் அமைப்புகளையும் அதுதான் காப்பாற்றும். பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை அதன் பலவீனம் தெரியாது. மாதக்கணக்கில் பீரோவில் கிடந்து பெரியதும் வற்றிப்போனால், கம்பெனி வைத்த ஆரம்ப அமைப்புக்கே எல்லாம் திரும்பிவிடும். உங்களுடையதும் நெடுநாள் சும்மா கிடந்ததா? அப்படியானால் முதலில் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போனால் பேட்டரியை மாற்றுங்கள். சில லேப்டாப்களில் அது ஒயரோடு இருக்கும், சிலவற்றில் பற்றவைத்திருக்கும். அடாப்டரையும் பெரிய பேட்டரியையும் கழற்றாமல் கை வைக்காதீர்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் செட்டப்பின் எல்லாப் பக்கங்களையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் இணைப்புக்கான சாட்டா பகுதியில், டிஸ்க்கோடு பேச ஏ.எச்.சி.ஐ., ஐ.டி.இ. என இரண்டு முறைகள் இருக்கும். விண்டோஸ் 7 ஏற்றியபோது இருந்த முறை மாறியிருந்தால், நீலத் திரையில் 7பி என்று முடிகிற எண்ணைக் காட்டி நின்றுவிடும். அங்கேயும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். பழைய முறைக்கு மாற்றினால் போதும். லேப்டாப் தொடங்கும் முறை, பழைய லெகசி, புதிய யு.இ.எஃப்.ஐ. என்று மாறிப்போனாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், பழையபடி மாற்றினால் போதும். விண்டோஸ் 8-க்குப் பின் வந்த லேப்டாப்பில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பைத் தொட்டால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

பயாஸில் டிஸ்க்கின் பெயரே வரவில்லை என்றால், கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். கழற்றிச் செருகச் சொல்லிப் பாருங்கள். புதிது போடுவதாக முடிவானாலும், கழற்றிய பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள்.