பிள்ளை பொறந்ததும் இனிப்பு நீர் போயிருச்சு, அப்புறம் எதுக்கு மறுபடியும் சீனித் தண்ணி டெஸ்ட்டு?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து 29 வயசு தங்கச்சி ஒருத்தவங்க கேட்டிருக்காங்க. ரெண்டாவது பிள்ளை மாசமா இருந்தப்ப இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருக்குன்னு சொல்லி சீனியக் குறைக்கிற மெட்ஃபார்மின் மாத்திரை குடுத்தாங்களாம், பிள்ளை பொறந்ததும் மருந்த நிறுத்திட்டாங்க, இப்போ 6 வாரத்துல திரும்ப வந்து சீனித் தண்ணி குடிச்சு டெஸ்ட்டு எடுக்கணும்னு புக்குல எழுதியிருக்கு. மாமியார் என்ன சொல்றாங்கன்னா அதான் போயிருச்சே, 44 நாள் முடியாம பச்ச ஒடம்போட வெளிய போகாதே, வெறும் வயித்துல இருந்தா பால் வத்திரும்னு சொல்றாங்க. வீட்டுக்காரருக்கு செம்பனை பேக்டரில ஷிஃப்ட்டு வேலை. அம்மாவுக்கும் இனிப்பு நீர் இருக்கு. டெஸ்ட்டுக்குப் போகணுமா, பத்தியத்துல கருப்பட்டி மருந்து சாப்பிடலாமா, இதுதான் கேள்வி.

தங்கச்சி, போகணும், கண்டிப்பா போகணும். ஆனா அத்தைகூட சண்டை போட வேண்டிய அவசியமே இல்ல. இந்த டெஸ்ட்டுக்கு பிள்ளை பொறந்து குறைஞ்சது 6 வாரம் ஆகியிருக்கணும், அதாவது 42 நாள், அத்தை சொல்ற 44 நாள் அதுக்கு ரெண்டே நாள் தள்ளித்தான் முடியுது, அதனால அவங்க கணக்கு முடிஞ்சு 45ஆவது நாளோ 50ஆவது நாளோ போனீங்கன்னா டாக்டரும் ஒன்னும் சொல்ல மாட்டாரு அத்தையும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. புக்குல போட்ட தேதி முன்னாடி விழுந்துச்சுன்னா அரசாங்க கிளினிக் கெசிஹத்தானுக்கு போன் அடிச்சு மிஸ்ஸிகிட்ட (நர்ஸ்கிட்ட) மாத்தித் தரச் சொல்லுங்க. ரெண்டு மாச ஊசிக்கு எப்படியும் பிள்ளையத் தூக்கிட்டுப் போகத்தான் போறீங்க, ரெண்டையும் ஒரே நாள்ல வச்சுக்க முடியுமான்னும் கேட்டுப் பாருங்க, சில இடத்துல டெஸ்ட்டுக்குன்னு தனி நாள் வச்சிருப்பாங்க. தேதி தள்ளிப் போறதுல தப்பில்ல, போகாமலே விட்டுடுறதுதான் நான் பயப்படுறது, ஏன்னா நிறைய பேரு அப்படித்தான் விட்டுடுறாங்க, பிள்ளைய பாக்குற அவசரத்துல தாய் தன்னோட ஒடம்ப மறந்துடுறா.

சரி, போயிருச்சுன்னு சொல்றாங்களே அது என்ன? மாசமா இருக்குறப்ப நஞ்சுக்கொடில இருந்து வர்ற ஹார்மோன் தாயோட இன்சுலின வேலை செய்ய விடாம தடுக்கும், பிள்ளைக்கு சத்து போய்ச் சேரணுமேன்னு ஒடம்பு பண்ற ஏற்பாடுதான் அது, அத ஈடுகட்ட கணையம் வழக்கத்த விட ரொம்ப அதிகமா இன்சுலின் சுரக்கணும். சிலரோட கணையத்தால அது முடியாது, அப்பத்தான் சீனி ஏறுது. பிள்ளை பொறந்து நஞ்சு விழுந்ததும் அந்த ஹார்மோன் கடகடன்னு இறங்கிடும், சீனியும் இறங்கிடும். செம்பனைக்கொல ஏத்துன லோரி மேட்டுல திணறும், பாரத்த இறக்கிட்டா சமதரையில நல்லாத்தான் ஓடும், ஆனா இஞ்சின் அதே இஞ்சின்தானே, அது மாதிரிதான் கணையத்துல இருந்த பலவீனம் அங்கேயே இருக்கு. வயசு ஏற, எடை ஏற, அது திரும்பத் தலை காட்டும். 2020ல உலகம் பூரா இருந்து பல ஆய்வுகள சேத்துப் பாத்ததுல, மாசமா இருக்குறப்ப இனிப்பு நீர் வந்தவங்களுக்கு பின்னாடி நிரந்தரமா வர்ற வாய்ப்பு, வராதவங்கள விட கிட்டத்தட்ட 10 மடங்குன்னு தெரிஞ்சிருக்கு. உங்க அம்மாவுக்கும் இருக்குறதால நீங்க இன்னும் கொஞ்சம் கவனமா இருக்கணும். இது வயசானவங்க நோய்னு நெனைக்காதீங்க, நம்ம மலேசியா சுகாதார அமைச்சோட 2023 கணக்கெடுப்புல 18ல இருந்து 29 வயசுக்குள்ள இனிப்பு நீர் இருந்தவங்கள்ல 84 சதவீதம் பேருக்கு அது இருக்குறதே தெரியல. வலிக்காது, மயக்கம் வராது, சத்தமே இல்லாம உள்ள இருக்கும்.

வீட்டுல அம்மாவோட மெஷின் இருக்கே, விரல்ல குத்திப் பாத்தா போதாதான்னு அடுத்து கேப்பீங்க. போதாது மா. காலையில வெறும் வயித்துல குத்துனா அழகா 5.2 (mmol/L கணக்குல) காட்டும், ஆனா சீனி உள்ள போன ரெண்டு மணி நேரத்துல ஒடம்பு அத எப்படி சமாளிக்குதுங்குறதுதான் நமக்குத் தெரியணும், அங்கதான் மொதல்ல தடுமாற ஆரம்பிக்கும், அத இந்த டெஸ்ட்டு மட்டும்தான் சரியா காட்டும். மூணு மாச சராசரி சீனி அளவ ரத்தத்துல பாக்குற HbA1c டெஸ்ட்டும் இப்போ சரிப்படாது, பிரசவத்துல ரத்தம் போயிருக்கும் இரும்புச்சத்து கம்மியா இருக்கும், நம்பர் தப்பா காட்டலாம்.

டெஸ்ட்டுக்கு முன்னாடி மூணு நாள் வழக்கம் போல சோறு சாப்பிடுங்க. பாஸாகணும்னு சோத்தையே நிறுத்திடுறாங்க சில பேரு, அப்படிப் பண்ணா ஒடம்பு திடீர்னு வர்ற சீனிய கையாள முடியாம நம்பர் ஏறித்தான் காட்டும். முதல் நாள் ராத்திரி 10 மணிக்குள்ள சாப்பிட்டு முடிச்சிருங்க, அப்புறம் வெறும் தண்ணி மட்டும், மைலோ தேத்தண்ணி எதுவும் வேணாம். தண்ணி தாராளமா குடிக்கலாம், ராத்திரி பிள்ளைக்குப் பால் குடுக்கலாம், கிளினிக்குல உக்காந்திருக்கும் போதும் குடுக்கலாம். ஒரு ராத்திரி வெறும் வயித்துல இருந்தா பால் வத்தாது, அத்தைக்கு இத தைரியமா சொல்லுங்க, பால் ஊறுறது பிள்ளை எத்தன தடவ சப்புதுங்குறதப் பொறுத்து. அங்க போனதும் ஒரு தடவ ரத்தம் எடுப்பாங்க, 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணி குடுப்பாங்க, அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிச்சிறணும், அப்புறம் ரெண்டு மணி நேரம் நடக்காம உக்காந்திருந்து இன்னொரு தடவ ரத்தம். திகட்டும், வாந்தி எடுத்துட்டா வேற நாள் வரணும், அதனால நிதானமா குடிங்க. மொத்தத்துல காலை நேரம் பூரா போயிரும். வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட்டு மாறலன்னா அத்தையவே கூட்டிட்டுப் போங்க, பிள்ளையப் பாத்துக்கவும் ஆச்சு, மிஸ்ஸி சொல்றத அவங்க காதாலயே கேட்டதாவும் ஆச்சு, நீங்க பத்து தடவ சொல்றத விட மிஸ்ஸி ஒரு தடவ சொன்னா அவங்களுக்கு மனசு ஏத்துக்கும்.

பத்தியத்தப் பத்தி. நம்ம பத்தியம் கெட்டதுன்னு நான் சொல்லவே மாட்டேன், பூண்டு, சுக்கு, மிளகு, முருங்கைக்கீரை, மீன், முட்டை, இதெல்லாம் இந்த நேரத்துல நல்ல சாப்பாடு. பிரச்சனை அந்த மருந்து உருண்டையில இருக்குற கருப்பட்டிதான். கருப்பட்டியோ கூலா மெலாக்காவோ வெள்ளச் சீனியோ, ரத்தத்துக்குள்ள போனா எல்லாம் சீனிதான், கருப்பா இருக்குறதால ஒடம்பு அத வேற மாதிரி எடுத்துக்காது. அத்தைகிட்ட மருந்த வேணாம்னு சொல்லாதீங்க, மனசு நோகும், கருப்பட்டிய ரொம்பக் குறைச்சு, சுக்கும் மிளகும் ஓமமும் தூக்கலா வச்சு கிண்டித் தரச் சொல்லுங்க, நெல்லிக்கா அளவு ஒன்னு போதும். இத விட பெரிய ஆபத்து பால் ஊறும்னு ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ குடுக்குற மைலோவும் டின் பால் போட்ட தேத்தண்ணியும், அத நிறுத்துனாலே பாதி வேலை முடிஞ்சிரும். நல்லெண்ணெய் சீனிய ஏத்தாது ஆனா எடைய ஏத்தும், அளவோட ஊத்தச் சொல்லுங்க. சுறாப்புட்டு ஆசைக்கு எப்பவாச்சும் கொஞ்சம் போதும், சுறாவுல பாதரசம் அதிகம், தினமும் வேணும்னா கெம்போங் மீன் வாங்குங்க, விலையும் கம்மி. தண்ணி குடிக்காதேன்னு யாராச்சும் சொன்னா அத மட்டும் கேக்காதீங்க.

தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறி, கிளினிக்குல சுக்கு சுக்கு செப்பாரோன்னு (மலாய்ல கால், கால், பாதி) போஸ்டர் ஒட்டியிருப்பாங்களே அதேதான். தாய்ப்பால் விடாம குடுங்க, பிள்ளைக்கு மட்டும் இல்ல, குடுக்குற தாய்க்கும் பின்னாடி இனிப்பு நீர் வர்ற வாய்ப்பு குறையுது.

ரிசல்ட்டு வந்ததும் நல்லா இருக்குன்னு வாயால சொன்னா மட்டும் திருப்திப்பட்டுறாதீங்க, ரெண்டு நம்பரையும் கேட்டு புக்குல எழுதி வாங்குங்க. வெறும் வயித்துல 6.1க்குக் கீழ, ரெண்டு மணி நேரத்துல 7.8க்குக் கீழ இருந்தா சந்தோஷம், வருஷத்துக்கு ஒரு தடவ பாத்துக்கிட்டா போதும், பிள்ளையோட பொறந்தநாள் மாசத்துல வச்சுக்கிட்டீங்கன்னா மறக்காது. வெறும் வயித்துல 6.1ல இருந்து 6.9, இல்லாட்டி ரெண்டு மணி நேரத்துல 7.8ல இருந்து 11.0 வந்தா அது எல்லைக்கோடு, பயந்து அழ வேணாம், இந்த கட்டத்துல எடைய 5ல இருந்து 7 சதவீதம் குறைச்சு தினமும் அரை மணி நேரம் நடந்தா நிறைய பேருக்கு அது நோயா மாறாம தள்ளிப் போகுது. 70 கிலோ இருக்குறவங்களுக்கு அது நாலஞ்சு கிலோதான், ஒரு வருஷம் எடுத்துக்குங்க, பிள்ளைய தள்ளுவண்டில வச்சு சாயங்காலம் தாமான (குடியிருப்ப) சுத்துனா கூட கணக்குதான். வெறும் வயித்துல 7.0, இல்லாட்டி ரெண்டு மணி நேரத்துல 11.1, இல்ல அதுக்கும் மேல வந்தா டாக்டர் இன்னொரு தடவ உறுதி பண்ணிட்டு வைத்தியம் ஆரம்பிப்பாரு, இந்த வயசுல கண்டுபிடிச்சா கண்ணு, கிட்னி, காலு எல்லாத்தையும் காப்பாத்திக்கலாம்.

இன்னொன்னு, நீங்க கேக்கல ஆனா சொல்லிடுறேன். மூணாவது பிள்ளைக்கு யோசனை இருந்தா, மாசமாகுறதுக்கு முன்னாடியே சீனி டெஸ்ட்டு எடுத்துட்டு, ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் வாங்கிக்குங்க. பிள்ளையோட இருதயமும் முதுகெலும்பும் உருவாகுறது முதல் சில வாரத்துல, அப்போ தாய்க்கு சீனி அதிகமா இருக்கக்கூடாது. தெரியாம தங்கிட்டா நாள் தள்ளுனதுமே கிளினிக்குக்குப் போய் போன தடவ இனிப்பு நீர் இருந்துச்சுன்னு மொத வார்த்தையா சொல்லுங்க, 24 வாரம் வரைக்கும் காத்திருக்காம அப்பவே டெஸ்ட்டு எடுப்பாங்க.