பெர்செஃபோனி விரும்பித்தான் போனாளா?

அன்புள்ள அக்கா,
கிரேக்கப் புராணத்துல வர்ற பெர்செஃபோனி, பாதாளத்து ராஜா ஹேடிஸை லவ் பண்ணித்தான் பாதாளத்துக்குப் போனா, பயிர்களோட தேவியான அம்மா டிமீட்டர்கிட்ட இருந்து தப்பிக்கத்தான் மாதுளை சாப்பிட்டான்னு ரீல்ஸ்ல சொல்றாங்க. பழைய கதையிலயும் அப்படித்தானா?
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

இல்லம்மா. இந்தக் கதையை முழுசா சொல்ற பழைய பாட்டு, பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் பேர்ல வழங்குற டிமீட்டர் துதி. அதுல அவ பூப்பறிச்சிட்டு இருக்கா, ஒரு நார்சிசஸ் பூவுக்குக் கை நீட்டுறா, தரை பிளந்து ஹேடிஸ் தேரோட வந்து தூக்கிட்டுப் போறான், அவ தன் அப்பாவை, தேவர்களோட ராஜா ஜீயஸைக் கூப்பிட்டுக் கத்துறா, ஆனா அந்த ஜீயஸ்தான் இதுக்கு முன்னாடியே சம்மதம் கொடுத்திருக்கான். பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

டிமீட்டர் ஒன்பது நாள் சாப்பிடாம, குளிக்காம, தீப்பந்தத்தோட தேடி அலையுறா. அப்புறம் ஒரு விதைகூட முளைக்க விடல. மனுஷங்க செத்துட்டா தேவர்களுக்குப் பலி கொடுக்க ஆளிருக்காதுன்னுதான் ஜீயஸ் விட்டுக்கொடுத்து, பொண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்றான். இந்த அம்மாவைப் போய் வில்லி ஆக்குறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

மாதுளைக்கு வரேன். அம்மாகிட்ட போகலாம்னு ஹேடிஸ் சொன்னதும் பெர்செஃபோனி சந்தோஷத்துல துள்ளி எழுந்திரிக்கிறா, அப்பத்தான் அவன் யாருக்கும் தெரியாம ஒரு முத்தைத் தின்னக் கொடுக்கிறான். பாட்டு அவ்வளவுதான் சொல்லுது. ஆனா அவளே அம்மாகிட்ட சொல்லும்போது, எனக்கு இஷ்டமில்ல, கட்டாயப்படுத்தித் தின்ன வச்சான்னு சொல்றா. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். பாதாளத்துல எதையாவது தின்னா அங்க திரும்பிப் போயே ஆகணும், அதனால வருஷத்துல மூணுல ஒரு பங்கு அவ கீழ, மீதி மேல அம்மாகிட்ட.

அதுக்காக அவ வெறும் பரிதாபமான பொண்ணும் இல்ல. ஹோமரோட ஒடிஸி காவியத்துல, பாதாளத்து வாசல்ல நிக்கிற கதாநாயகன் ஒடிசியஸ், அவ ஏதாவது கோரத் தலையை அனுப்பிருவாளோன்னு பயந்து கப்பலுக்கு ஓடுறான். தெற்கு இத்தாலியில லோக்ரின்னு ஒரு கிரேக்க ஊர், அங்க கிடைச்ச கி.மு. 5ஆம் நூற்றாண்டு சுடுமண் பலகைகள்ல அவளும் ஹேடிஸும் பக்கத்துல பக்கத்துல சிம்மாசனத்துல உக்காந்திருக்காங்க, கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பொண்ணுங்க அவளைக் கும்பிட்ட ஊர் அது. அதனால அவளை மகாராணியா கொண்டாடுங்க, தாராளமா. ஆனா அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறதுக்காக கடத்தலைக் காதல்னு மாத்த வேண்டாம், அவ கத்தினதை மறைக்கவும் வேண்டாம்.

துதி மொத்தமே 495 வரிதான். படிச்சுட்டு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா