மவுண்டன் பைக் பாதையில் மரம் விழுந்து கிடந்தால் நாமே அறுத்து அகற்றலாமா?

கேட்டவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், தேசியக் காட்டுப் பாதைகளில் ஓட்டுபவர். குளிர்காலக் காற்றுக்குப் பிறகு வழிநெடுக மரங்கள் கிடக்கின்றன, மடக்கு ரம்பத்தோடு போய் அறுக்கலாமா என்கிறார்.

அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். தேசியக் காடுகளுக்கான கூட்டரசு விதிகளில் (தலைப்பு 36, பகுதி 261) அனுமதியில்லாமல் மரம் வெட்டுவது மட்டுமல்ல, பாதையைப் பராமரிப்பதும் தடை செய்யப்பட்ட செயல். அனுமதி பெறுவது கடினமில்லை. அந்தப் பகுதியின் ரேஞ்சர் அலுவலகத்தில் தன்னார்வலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். அல்லது எவர்கிரீன் மவுண்டன் பைக் அலையன்ஸ் போன்ற அமைப்பின் பாதைப் பணி நாளில் சேர்ந்துகொள்ளலாம். ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்யும்போது அடிபட்டால், கூட்டரசு ஊழியருக்கு உள்ள காய இழப்பீடு உங்களுக்கும் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே தனியாகக் கிளம்பாதீர்கள்.

செயின்சா (சங்கிலிப் பல் சுழலும் இயந்திர ரம்பம்), இருவர் இழுக்கும் நீள ரம்பம் இரண்டுக்கும் வனத்துறைச் சான்றிதழ் கட்டாயம். 2016-இல் வந்த தேசிய ரம்பக் கொள்கைப்படி அறுப்பவரின் திறனுக்கேற்ப ஏ, பி, சி என்று சான்றிதழில் நிலைகள் உண்டு. முதலுதவிப் பயிற்சியும் நடப்பில் இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடினாலும் செயின்சா செயின்சாதான். எனவே புதிதாகச் சேர்பவருக்கு உரிய கருவி கைரம்பம். பாதையை மறிப்பவற்றில் பெரும்பகுதி சிறு மரமும் கிளையும் என்பதால், அதைக் கொண்டே நிறைய வேலை முடியும்.

சில்க்கி நிறுவனத்தின் மடக்கு ரம்பங்களில் பிக்பாயின் அலகு 36 செ.மீ., கட்டானாபாயின் அலகு 50 செ.மீ. அலகின் நீளத்தில் பாதித் தடிமன் வரை சுகமாக அறுபடும். அதற்கு மேல் போனால் இழுக்க இடமில்லாமல் பற்களில் தூள் அடைத்துக்கொள்ளும். இவை இழுக்கும்போது அறுப்பவை. தள்ளும்போது பலம் கொடுத்தால் அலகு வளைந்துவிடும், சிலசமயம் முறிந்தே போகும். கூடவே இரண்டு பிளாஸ்டிக் ஆப்பு, ஆப்பு அடிக்கச் சிறு கோடரி, தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, முதலுதவிப் பை எடுத்துக்கொள்ளுங்கள். பைக் ஹெல்மெட் இந்த வேலைக்கு உதவாது.

மரத்தின் அருகே போகும் முன் தலைக்கு மேலே பாருங்கள். முறிந்து தொங்கும் கிளை, பக்கத்து மரத்தில் சாய்ந்து நிற்கும் மரம், தீயில் கருகி நிற்கும் பட்டமரம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். காற்று அடிக்கும்போதும் வேலை வேண்டாம்.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்: மரம் எங்கே அமுங்குகிறது, எங்கே இழுபடுகிறது என்று கண்டறிவது. இரு முனையும் மண்ணில் ஊன்றி நடுப்பகுதி பாதைக்கு மேல் அந்தரத்தில் நின்றால், மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். மேலிருந்து கால்பங்கு, மிஞ்சினால் மூன்றிலொரு பங்கு அறுத்து, வெட்டுவாயில் ஆப்பை அடித்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுங்கள். ஒரு முனை மட்டும் ஊன்றி மறுமுனை தொங்கினால் எல்லாம் தலைகீழ். முதல் வெட்டு கீழிருந்து, முடிக்கும் வெட்டு மேலிருந்து. இங்கே முறையை மாற்றினால் பாரம் தாங்காமல் மரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த துண்டு உங்களை நோக்கி வரும்.

அதிகம் ஏமாற்றுவது பக்கவாட்டு வளைவு. இரண்டு மரங்களுக்கு நடுவே சிக்கி வில்லாக வளைந்த தண்டு, அறுபட்ட நொடியில் வளைவின் வெளிப்புறமாகத் துள்ளும். வளைவின் உட்புறம் நில்லுங்கள், முதல் வெட்டும் அங்கேயே. சரிவில் நெடுக்காகக் கிடக்கும் மரத்தில் மேல்பாதியின் பாரம் கீழ்நோக்கி அழுத்தி வெட்டை மூடும். ஆப்பு நுழைய இடம் கிடைத்த உடனேயே அடித்துவிடுங்கள். சரிவில் எப்போதும் மேட்டுப்பக்கம் நின்று அறுக்க வேண்டும். கீழே பாதை திரும்பி வந்தால், இரு புறமும் ஆள் நிறுத்தி வண்டிகளை மறியுங்கள்.

வேரோடு சாய்ந்த மரத்தைக் கைரம்பத்தால் தொட வேண்டாம். தண்டின் பாரம் போனதும் அந்த வேர்க்கட்டு எழும்பித் தன் குழியிலேயே திரும்ப உட்காரலாம். அதன் பின்னால், குழிக்குள், யாரும் நிற்கக் கூடாது. அது சான்றிதழ் பெற்றவர் பார்க்க வேண்டிய வேலை.

பாதையில் கிடக்கும் துண்டை எடுக்க இரண்டு வெட்டு வேண்டும். இரண்டையும் நேராக வெட்டாதீர்கள். துண்டு வெளியேறப்போகும் பக்கம் அகலமாக இருக்கும்படி சற்றுச் சாய்த்து வெட்டுங்கள். பள்ளத்துப் பக்கம் உருட்டுவதானால் அந்தப் பக்கம் அகலம், கீழே விழுவதானால் அடிப்பக்கம் அகலம். தவறிச் சாய்த்தால் இரண்டு வெட்டும் முடிந்த பிறகும் துண்டு நடுவில் இறுகி நிற்கும். 40 செ.மீ. தடிமனுள்ள பச்சை டக்ளஸ் ஃபர் மரத்தில் ஒரு மீட்டர் துண்டே 75 கிலோவுக்குக் குறையாது. முதுகால் தூக்காமல், கால்களால் தள்ளி உருட்டுங்கள்.

இன்றைய பைக்குகளின் ஹேண்டில்பார் 80 செ.மீ. வரை அகலம். வெட்டிய முனைகளுக்கு இடையே ஒன்றரை முதல் இரண்டு மீட்டராவது விடுங்கள். வண்டி உள்பக்கம் சாய்வதால் வளைவின் உட்புறம் இன்னும் தாராளமாக வேண்டும். கிளைகளைத் தண்டோடு ஒட்ட அறுங்கள். நான்கு விரல் நீளம் மிச்சம் வைத்த கிளைக்குச்சி, விழுபவரின் தொடையில் ஈட்டியாக இறங்கும். வெட்டிய கிளைகளைப் பள்ளத்துப் பக்கம், தண்ணீர் வடியும் வாய்க்கால்களை அடைக்காமல் போடுங்கள்.

அறுக்க முடியாத மரமானால் இறங்கி வண்டியைத் தூக்கிக் கடந்து போங்கள். சுற்றிப் போகும் ஒவ்வொரு டயரும் புதிய தடம் போடும், மழைநீர் அந்தத் தடத்தில் ஓடி மண்ணை அரிக்கும். மரம் அகன்ற பிறகும் அந்தத் தடம் ஆறுவதற்கு வெகுகாலம் பிடிக்கும். பிறகு டிரெயில்ஃபோர்க்ஸ் என்ற பாதை வரைபடச் செயலியிலோ ரேஞ்சர் அலுவலகத்திலோ தகவல் கொடுங்கள். "மரம் விழுந்திருக்கிறது" என்பது மட்டும் போதாது. இடக்குறியீடு (ஜிபிஎஸ் எண்), பாதையை மறிக்கும் இடத்தில் தடிமன், எத்தனை மரம், வேரோடு சாய்ந்ததா முறிந்ததா, அந்தரத்தில் நிற்கிறதா மண்ணில் கிடக்கிறதா என்று எழுதுங்கள். சக்கரத்தை மரத்தோடு ஒட்டி நிறுத்தி ஒரு படம் எடுங்கள். 29 அங்குலச் சக்கரம் டயரோடு 74 செ.மீ. உயரம் இருக்கும். அதை வைத்தே வருகிறவர்கள் எந்த ரம்பம், எத்தனை ஆள் என்று முடிவு செய்துவிடுவார்கள்.